சம்பந்தி கொடுத்த குடம்புளி மாத்திரை

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது, கேட்கிறவரோ "அப்புறம்?" என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இனி யார் வந்தாலும் இதைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பாபநாசத்துக்குப் பக்கத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். வயது இப்போதுதான் அறுபது முடிந்தது. சர்க்கரை வந்து நெடுநாளாகிறது. காலையிலும் ராத்திரியும் மெட்பார்மின் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு அதற்காக நாலு நாள் வருத்தப்படுகிற சாதாரணச் சர்க்கரைக்காரன். தொப்பை உண்டு. கல்லாவில் உட்கார்ந்தே வளர்த்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

குறை வந்தது அறுபதாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதுதான். திருக்கடையூரில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அங்கே அறுபது முடிந்தவர் சட்டையில்லாமல் மனையில் உட்கார, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். முன்பெல்லாம் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இப்போது ஊற்றுகிற கையைத் தவிர மற்ற கையிலெல்லாம் செல்போன் இருக்கிறது. மன்னார்குடியில் இருக்கும் என் சம்பந்தி, அதாவது என் மகள் மகாவின் மாமனார், ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் வயிற்றைப் பார்த்து, "அபிஷேகத்துக்கு உக்காரும்போது சட்டை போட முடியாது சம்பந்தி, தெரியும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போனபிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்தேன்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகாவைக் கேட்டு வந்தபோது, "பொண்ணை அனுப்புங்க, அது போதும்" என்று சொன்னவர். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. மகா மாமனார் மாமியாரோடு மன்னார்குடியில் இருக்கிறாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை எழுந்ததில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அவர் வாசலில் வந்தால் என் மனைவி வசந்தா எழுந்து நின்றுவிடுவாள். அவர் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம்.

அப்படி வாங்கிக்கொண்டதுதான் அந்த டப்பா. வெள்ளை டப்பா, பச்சை மூடி. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு மூலிகை மாத்திரைக் கம்பெனியோடு தொடர்பு ஏற்பட்டிருந்தது. ஆள்மேல் ஆள் சேர்த்து விற்கிற வியாபாரம். அவர் லாபத்துக்காகச் செய்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருக்கும் சர்க்கரை உண்டு. அந்த மாத்திரையைச் சாப்பிட்டு இளைத்திருந்தார், சர்க்கரையும் இறங்கியிருந்தது. பேண்ட் இடுப்பை முன்னால் இழுத்து, உள்ளே ஒரு கை போகிற இடைவெளியைக் காட்டுவார். தினமும் காலையில் நடக்க ஆரம்பித்திருந்தார், சோற்றையும் பாதியாக்கியிருந்தார். பெயர் முழுவதும் மாத்திரைக்குப் போயிற்று.

"எல்லாம் மூலிகை சம்பந்தி. பக்கவிளைவே கிடையாது. உடம்புல உள்ள கொழுப்பைக் கரைச்சு, சர்க்கரையக் கட்டுப்படுத்தும். உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்றார்.

உள்ளே குடம்புளிச் சத்து, சிறுகுறிஞ்சான், பச்சைத் தேயிலை. குடம்புளி என்றால் நம் ஊர்க் கொடுக்காப்புளி இல்லை. மலையாளத்தார் மீன் குழம்பில் போடுகிற கறுத்த புளி. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு வாயில் வெல்லம்கூட இனிக்காது. எல்லாமே மனிதர்கள் வாயில் போடுகிற பொருள்தானே என்று எனக்குப் பயமே வரவில்லை. குழம்பில் ஒரு சுளை போடுவதும், கூடை கூடையாகக் காய்ச்சிச் சத்தை எடுத்து ஒரு மாத்திரைக்குள் அடைத்து விழுங்குவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடையில் நான் நடத்துகிற பாடமே அதுதான். இயற்கைதானே என்று வேப்பெண்ணெயை அளவு பார்க்காமல் அடித்துவிட்டு, இலை கருகிப்போய்க் கையில் ஒரு கொத்துப் பயிரோடு வந்து நிற்பவர்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மாத்திரை வேலை செய்யத்தான் செய்தது. பசி குறைந்தது, வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. "பாத்தீங்களா" என்றார் சம்பந்தி போனில். பிறகு சோறு என்றாலே குமட்டியது. கடையில் மூட்டையை நகர்த்தச் சொல்வதற்குக்கூட வாய் திறக்கச் சலிப்பாக இருந்தது. உடம்பெல்லாம் அரித்தது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிற்று. நாற்றங்காலுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர்தான், "அண்ணே, வெளிச்சத்துல வாங்க, கண்ணு மஞ்சளா இருக்கே" என்றார்.

மஞ்சள் காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் போகமாட்டார்கள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது. முக்கியமாக, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது, ஈரலுக்குச் சூடு. எனவே வசந்தா மெட்பார்மினை எடுத்து அலமாரியில் பூட்டினாள். குடம்புளி மாத்திரையை நிறுத்தவில்லை, அது மூலிகையாயிற்றே. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கஞ்சி ஊற்றினோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மோர் குடித்தும் மஞ்சள் இறங்கவில்லை. ஒருநாள் காலையில் வாந்தி எடுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செய்தி கேட்டு மன்னார்குடியிலிருந்து மகா வந்தாள். என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். யாரையும் கேட்காமல் கார் பிடித்தாள். "மோர் போதும்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். அங்கே இருக்கிற யாருக்கும் முதுகு நேராக நிற்காது. அந்த நாற்காலியும் அதற்குத் தோதாகச் செய்ததில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற பெண் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் எல்லோரும் ஒருதரம் நிமிர்ந்து மறுபடி சாய்வார்கள். நான் மகாவின் தோளில் சாய்ந்திருந்தேன். சின்ன வயதில் அவள் பஸ்ஸில் என்மேல் தூங்கிக்கொண்டு வருவாள். இப்போது நான் சாய அவள் தோளை அசைக்காமல் வைத்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு வந்த முடிவுகளை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று. அது ஈரல் அணுவுக்குள்ளே இருக்க வேண்டிய பொருள். அணு செத்து உடைந்தால் ரத்தத்தில் கசியும். எனக்கு அது இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. பிலிருபின் என்பது பழைய ரத்தம் சிதையும்போது வருகிற மஞ்சள் கழிவு. ஈரல் நன்றாக இருந்தால் அதை வடித்து வெளியே தள்ளிவிடும். வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் நிற்பது மாதிரி எனக்கு அது கண்ணிலும் தோலிலும் நின்றுவிட்டது. அப்புறம் ஐ.என்.ஆர். ரத்தம் உறைவதற்கு எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்கிற எண். ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கை ஈரல்தான் செய்து அனுப்புகிறது. அந்த எண் ஏறினால் ஈரல் கடையைச் சாத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். முதல் கேள்வியே, "குடிப்பீங்களா?" என்பதுதான்.

"ஐயோ, அந்தப் பழக்கமே கிடையாதுங்க" என்றாள் வசந்தா. என்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான், நானும் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டவன்.

"வேற மருந்து ஏதாவது எடுக்குறாங்களா? நாட்டு மருந்து?"

"கீழாநெல்லி மட்டும் கொடுத்தேங்க. அதையும் இன்னிக்கு நிறுத்தியாச்சு."

வசந்தா பொய் சொல்லவில்லை. அந்த டப்பாவில் உணவுப் பொருள் என்றுதான் அச்சடித்திருந்தது. ஹார்லிக்ஸ் குடிப்பதை யாராவது டாக்டரிடம் மருந்தென்று சொல்வார்களா? நானும் அப்படியே நினைத்துப் பேசாமல் படுத்திருந்தேன்.

சேர்த்துக்கொண்டார்கள். காமாலை வைரஸ்கள் ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை செய்து, ஒவ்வொன்றும் இல்லை என்று வந்தது. எது இருக்கிறது என்று கேட்டு வந்தவனுக்கு எது இல்லை என்றே தினமும் பதில் கிடைத்தால் அலுத்துப்போகும். ஆஸ்பத்திரியில் நாள் என்று ஒன்று கிடையாது. விளக்கு எப்போதும் எரியும், யாராவது எப்போதும் உருட்டிக்கொண்டு போவார்கள், கை நரம்பில் ஊசி ஏறியே இருக்கும். தூங்க முடியாததற்கு அரிப்பும் ஒரு காரணம். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், சொறிந்தால் ரத்தம் வரும், வந்தால் நிற்காது. வசந்தா என் நகங்களை ஒட்ட வெட்டி அரம் போட்டுத் தேய்த்துவிட்டாள். மகா ஈரத்துண்டால் முதுகைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். சலிக்காமல் செய்தார்கள் என்று சொன்னால் பொய். சலித்தும் செய்தார்கள்.

இடையில் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ஆஸ்பத்திரியில இருக்கீங்களாமே, எப்படி இருக்கு? சம்பாவுல இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கு, என்ன அடிக்கலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்டார். மருந்தின் பெயரைச் சொன்னேன். கூடவே வழக்கம்போல, "அளவு டப்பாவுல போட்டிருக்கும், படிச்சுப் பாத்து அடிங்க" என்றும் சொன்னேன்.

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசிதான் போட்டார்கள். மாத்திரை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வசந்தாவுக்கு அது பொறுக்கவில்லை. ஊசி போட்டால் பிறகு வாழ்நாள் பூராவும் ஊசிதான் என்பது அவளுடைய பயம். "இதாவது உள்ள போகட்டுங்க, சம்பந்தி ஆசையா கொடுத்தது" என்று கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, கஞ்சிக்கு முன்னால் ஒன்று கொடுப்பாள். காலையிலும் மத்தியானத்திலும். நான் விழுங்குவேன். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

எண்கள் இறங்கவில்லை. இறங்காததோடு, அந்த ஐ.என்.ஆர். மெல்ல ஏற ஆரம்பித்தது. டாக்டர் மகாவையும் வசந்தாவையும் வெளியே அழைக்காமல், என் முன்னாலேயே சொன்னார்.

"இந்நேரம் இறங்க ஆரம்பிச்சிருக்கணும். ஏன் ஏறுதுன்னு எனக்குப் புரியல. இப்படியே போனா சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்க ஈரல் மாத்துற வசதி இருக்கு. அந்த அளவுக்குப் போகக்கூடாதுன்னுதான் பாக்குறோம்."

ஈரல் மாற்றுவது என்றால் செத்தவர் ஈரல் கிடைக்க வேண்டும், அல்லது உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். இதையும் டாக்டர்தான் சொன்னார். "அப்பாவுக்கும் எனக்கும் ஒரே ரத்த குரூப்தான்" என்றாள் மகா. அவளை யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த பயம் அப்போது வந்ததுதான். அதற்கு முன்னால் இருந்தது வெறும் சோர்வு. என் உயிருக்குப் பயந்ததைவிட, இன்னும் பிள்ளை பெறாத என் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பார்களே என்று பயந்தேன்.

நான் பிறந்த நட்சத்திரம் அந்த வாரத்தில் வந்தது. திருக்கடையூருக்குச் சொல்லி வைத்திருந்ததையெல்லாம் வேண்டாமென்று முன்பே சொல்லியாகிவிட்டது. எழுபதில் ஒரு சாந்தி உண்டு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். நல்ல நாளாயிற்றே என்று பட்டு வேட்டி, ஆப்பிள், சாத்துக்குடி, கோயில் விபூதி. சம்பந்தி என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணும் ஆகாது சம்பந்தி. நான் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார். உண்மையாகவே வேண்டிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். புதிதாக வந்த ரத்த முடிவு கையில் இருந்தது. உட்காரவில்லை.

"ஒரு விஷயத்தைத் திரும்பக் கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. மருந்துன்னு நீங்க நினைக்காததைக்கூடச் சொல்லுங்க. பொடி, லேகியம், கஷாயம், உடம்பு இளைக்கிறதுக்கு, சர்க்கரைக்கு, சத்துக்குன்னு ஏதாவது. பாக்கெட்டுல வர்றது, டப்பாவுல வர்றது, யாராவது கொடுத்தது. இவருக்கு ஏதோ ஒண்ணு உள்ள போய்க்கிட்டே இருக்குன்னு எனக்குத் தோணுது."

எனக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. வசந்தாவுக்கும் புரிந்தது, அவள் கை மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிற்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் சம்பந்தியைப் பார்த்தேன். என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. சம்பந்தியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லையென்றுதான் நினைக்கிறேன். அந்த மாத்திரை அவருக்கு அவ்வளவு நல்ல பொருள்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையோடு மன்னார்குடி வீட்டில் என் பெண் எப்படிப் போய் நிற்பாள் என்பதுதான் எனக்கு ஓடியது. சம்பந்தி அந்தப் பக்கம் போகட்டும், பிறகு டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவன் இப்படித்தான் எண்ணுவான்.

"இல்லைங்க டாக்டர், வேற ஒண்ணும்..." என்று வசந்தா ஆரம்பித்தாள்.

மகா எழுந்து வந்தாள். அம்மாவின் மடியிலிருந்து பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, அந்த டப்பாவை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தாள்.

"இதைச் சாப்பிடுறாங்க டாக்டர். இங்க வந்த பிறகும் சாப்பிடுறாங்க. காலையில அம்மா கொடுக்கும்போதுதான் நான் பாத்தேன். என் மாமனார் கொடுத்தது."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த மாதிரி மாத்திரையால சிலபேருக்கு ஈரல் இப்படிக் கெட்டுப்போகுது. எல்லாருக்கும் ஆகாது. நூறு பேர் சாப்பிட்டு நல்லா இருப்பாங்க, ஒருத்தருக்கு இப்படி ஆகும். அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டித் தெரியாது. இதுதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா இனிமே ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது." டப்பாவைத் தம் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அவர் போனபிறகு சம்பந்தி என் கையை விட்டார். மெதுவாக எழுந்தார்.

"நான் விஷம் கொடுத்தேன்னு சொல்றியாம்மா?"

"இல்ல மாமா. நீங்க கொடுத்தீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். சம்பந்தியம்மா வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கோபமா, இரக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"வெளியில போய் டாக்டர்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா? அவர் முன்னாடியேவா?" என்று வசந்தா அழுதாள்.

"வெளியில போயிட்டு வர்றதுக்குள்ள மத்தியான மாத்திரையை நீ கொடுத்திருப்பம்மா" என்றாள் மகா.

டப்பா போனதும் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து வந்த எண்களும் மோசமாகத்தான் இருந்தன. அந்த நாட்கள்தான் இருப்பதிலேயே கொடுமை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இழக்க வேண்டியதை இழந்தாகிவிட்டது, ஈரல் மட்டும் அசையவில்லை. டாக்டர் தினமும் என்னை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்ப்பார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். ஈரல் வேலை செய்யாவிட்டால் அழுக்கு மூளைக்கு ஏறி மனசு குழம்பும், அதற்குத்தான். கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டு, பரீட்சை எழுதினவன் மாதிரி மகாவைப் பார்ப்பேன்.

மன்னார்குடியிலிருந்து போன் வரவில்லை. மாப்பிள்ளைதான் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். மகா கதவுக்கு வெளியே நின்று பேசினாள். "ஆமாங்க, நான்தான் சொன்னேன்... உங்கப்பா மனசு எனக்கும் தெரியுங்க... எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன்... சரி, வச்சிடுறேன்" என்று கேட்டது. உள்ளே வந்து சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தாள். எனக்கு வாய் கசந்து கிடந்தது. அவள் சுளை சுளையாகக் கொடுத்ததை எல்லாம் தின்றேன்.

பிறகு ஒருநாள் ஐ.என்.ஆர். ஏறாமல் நின்றது. அதற்கடுத்து எஸ்.ஜி.பி.டி. இறங்கிற்று. கொஞ்சம்தான். "திரும்பிடுச்சு" என்றார் டாக்டர், அவ்வளவுதான் சொன்னார். சென்னைப் பேச்சு தானாக நின்றுபோனது. சந்தோஷப்பட்டோமா என்று பார்க்க வந்தவர்கள் கேட்கிறார்கள். வசந்தா அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். மகா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் சம்பந்தி போன் செய்தார். முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"நானும் டெஸ்ட் எடுத்துப் பாத்தேன் சம்பந்தி. எல்லாம் நார்மலா இருக்கு" என்றார். ஜெயித்தவர் குரல் மாதிரி ஆரம்பித்துப் பாதியிலேயே தழுதழுத்தது. "இருந்தாலும் நிறுத்திட்டேன். மத்தவங்களுக்குக் கொடுக்கிறதையும் நிறுத்திட்டேன்."

"நல்லதுங்க" என்றேன்.

"மகாவை எப்ப அனுப்புறீங்க?"

மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னும் களைப்பு போகவில்லை. கண்ணில் மஞ்சள் ஓரத்தில் மிச்சமிருக்கிறது. ஊசியும், அளந்த சோறும், தெருமுனை வரை நடையும்தான் இப்போதைய வைத்தியம். கடையைத் திறக்க இன்னும் நாளாகும். யாராவது எதையாவது சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமா, தொப்பை கரையுமா என்று என்னிடம் கேட்டால், உங்கள் டாக்டரிடம் டப்பாவோடு போய்க் கேளுங்கள் என்பேன். யார் கொடுத்த டப்பாவாக இருந்தாலும்.

மகா நேற்று மன்னார்குடிக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பையை வாசலில் வைத்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க உனக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கும்." என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அப்பா, அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ அந்த வீட்டுல வாழணும்ல."

மகா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அந்த வீட்டுல நாலு பேச்சு வந்தா நான் கேட்டுக்குவேன்ப்பா. நீங்க இல்லாத இந்த வீட்டுக்கு நான் எப்படி வருவேன்?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.